இரண்டும் மிச்சம்

டிசம்பர் 4, புதன்

வெளியூருக்கு அனுப்ப வேண்டிய சோப்புகளைத் தாளில் சுற்றுவது, பின்பக்கக் குழாய்க்கு வாஷர் மாற்றுவது. காலையில் நினைத்திருந்த இந்த இரண்டு வேலையும் நடக்கவில்லை.

பத்து மணி வாக்கில் கலைவாணி டீச்சர் போன் செய்தார். இரண்டு வருடமாக எங்களிடம் சோப்பு வாங்குகிறவர். அவர் வாயால் சொல்லித்தான் அவருடைய பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் வாங்குகிறார்கள்.

"பூங்கோதை, அந்தச் சோப்புல என்னத்தப் போட்டிருக்கீங்க?" எடுத்ததும் கேட்டது இதுதான். அவர் மகள் தமிழினிக்கு ஐந்து வயது. நேற்றுப் புதுச் சோப்பு பிரித்துக் குளிப்பாட்டியிருக்கிறார். குழந்தை அழுததாம். கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தேய்த்திருக்கிறார். சாயங்காலம் பார்த்தால் முதுகு முழுக்கச் சிவந்து, அங்கங்கே தோல் உரிந்திருக்கிறது.

"தேங்காயெண்ணெ, காஸ்டிக் சோடா, தண்ணி. எப்பவும் போடறதுதானுங்க டீச்சர்."

"எப்பவும் போடறதுன்னா எப்பவும் போலத்தான இருக்கோணும்?"

போனை வைத்துவிட்டார்.

டிசம்பர் 5, வியாழன்

சபீனாவையும் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். சபீனாவும் நானும் சேர்ந்துதான் சோப்பு போடுகிறோம். எண்ணெய், அச்சு, விற்பனை எல்லாம் என் பொறுப்பு. காஸ்டிக் நிறுத்துக் கரைப்பது அவள் பொறுப்பு. பயமில்லாமல், நிதானமாகச் செய்வாள்.

குழந்தை குப்புறப் படுத்துக்கொண்டு பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தது. முதுகில் மருந்து. காரம் பட்ட புண், ஆறிவிடும், தழும்பு இருக்காது என்று டாக்டர் சொன்னாராம். டீச்சர் எங்களை உட்காரச் சொன்னார், காப்பியும் கொடுத்தார். அதுதான் தாங்கவில்லை.

தமிழினி திரும்பிப் பார்த்து, "உங்க சோப்பு கடிக்குது" என்றது.

ஏன் இப்படி ஆனது என்று கண்டுபிடித்துவிட்டு வருகிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். அதற்குமுன் ஒரு சோப்பும் யாருக்கும் கிடையாது.

டிசம்பர் 6, வெள்ளி

அக்டோபர் கடைசியில் போட்ட சோப்பு அது. ஒரு மாதம் ஆறவைத்து இப்போதுதான் வெளியே விட்டோம். இன்று முழுக்க ஸ்கூட்டியில் சுற்றி, வாங்கினவர்களிடமெல்லாம் திருப்பி வாங்கினேன். ஒரு கடைக்காரர் ஏன் என்று கேட்டார், சொன்னேன். சொல்லாமல் வாங்கியிருக்கலாம் என்றாள் சபீனா. கேட்டால் சொல்லத்தானே வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஒரு கட்டியை நுனிநாக்கால் தொட்டேன். சோப்பு போடுகிறவர்கள் செய்கிற சோதனைதான். காஸ்டிக் மிச்சமிருந்தால் டார்ச் பேட்டரியை நக்கியதுபோலச் சுருக்கென்று இருக்கும். சுருக்கென்றது. இன்னொரு கட்டி. அதுவும். வாய் கொப்பளித்துவிட்டு மஞ்சள்பொடி தூவிப் பார்த்தேன், சிவந்தது. ஆனால் பழைய நல்ல சோப்பிலும் மஞ்சள் சிவக்கத்தான் செய்தது. மஞ்சளால் பயனில்லை. நாக்குதான் கதி.

இன்னொன்றும் கவனித்தேன். கட்டிகளின் மேல் வியர்த்ததுபோல எண்ணெய்ப் பிசுக்கு.

டிசம்பர் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். முன்னால் அவர்கள் வீடு, நடுவில் எண்ணெய் மில், பின்னால் என் இரண்டு அறை. என் வீட்டுக்காரர் தவறிப்போய், திருப்பூரில் தனியாக என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் வேனோடு வந்து நின்றார். "கெளம்பு அம்மிணி" என்று ஒரே சொல். அந்த இரண்டு அறையும் எனக்காகக் கட்டியது. சோப்புக்கு எண்ணெயும் அவர் மில்லிலிருந்துதான் வருகிறது. தெய்வசிகாமணி மில் எண்ணெய் என்றால் இந்தப் பக்கம் யாரும் முகர்ந்துகூடப் பார்க்காமல் வாங்குவார்கள்.

நடந்ததைச் சொன்னேன்.

"சோடா நிறுக்கறது அந்தப் புள்ளதான?" என்றார் அண்ணன்.

"சபீனா அப்பிடியெல்லாம் இல்லீங்கண்ணா."

"நான் தப்பாச் சொல்லல கண்ணு. சின்னக் கொழந்தைய வெச்சுட்டு வேல பாக்கறவ. ஒருநாள் நெனப்பு எங்கியாச்சும் இருந்திருக்கும். வேற ஆளு பாத்துக்க."

அண்ணன் மனைவியை நாங்கள் நங்கையா என்போம். நங்கையா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது மூடி போட்ட ஒரு சின்னத் தூக்குப்போசியில் எண்ணெய் கொடுத்து, "தலைக்கு இத வெச்சுக்குங்க. எங்கம்மா ஊட்டுல ஆட்டுன தேங்காயெண்ணெ" என்றார். மில்லுக்காரர் வீட்டில் வெளி எண்ணெய்! பிறந்த வீட்டுப் பெருமை யாரை விட்டது.

டிசம்பர் 9, திங்கள்

சபீனா வருவதற்குமுன் தராசை எடுத்துப்போய் மளிகைக் கடையில் எடைக்கல் வைத்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. அவள்மேல் சந்தேகம் என்று இல்லை. தராசை அவ்வப்போது சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

காஸ்டிக் பாக்கெட்டையும் பார்த்தேன். ஈரம் குடித்துக் கட்டியாகியிருந்தால்கூட அதன் வேகம் குறையுமே தவிர அதிகமாகாது.

சபீனா வந்ததும், அக்டோபரில் சோப்பு போட்ட அன்று அவள் பையனுக்குக் காய்ச்சல் இருந்ததே என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தாள்.

"காய்ச்சல் அதுக்கு முந்தின வாரம்க்கா" என்றாள். அப்புறம் நாள் முழுக்கப் பேச்சில்லை. பாவம், அவளுக்கும் குழந்தையைப் பார்த்ததில் மனது சரியில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

சபீனா வரவில்லை. குழாய்க்கு வாஷர் மாற்றினேன்.

டிசம்பர் 11, புதன்

இன்றும் வரவில்லை.

ஒரு கிலோ எண்ணெய்க்கு நூற்று எழுபத்து நான்கு கிராம் காஸ்டிக். இந்தக் கணக்கு ஒரு வீடியோவில் பார்த்து எழுதிக்கொண்டது. ஏன் அவ்வளவு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நான் படித்தது பி.காம். வேதியியலுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முடிந்தது.

பதினொன்றாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தைப் போனில் இறக்கிக்கொண்டேன். அரசாங்கப் புத்தகம், தமிழிலேயே இருக்கிறது. முதல் பாடத்திலேயே நான் தேடுவது வந்துவிட்டது. அதற்கு வைத்திருக்கிற பெயர்தான் வாயில் நுழையவில்லை: வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. இரண்டு பொருள்கள் சேர்ந்து வேறொன்றாக மாறும்போது எது முதலில் தீர்ந்துபோகிறதோ அது. அது தீர்ந்ததும் வேலை நின்றுவிடும். மற்றது மிச்சமாகக் கிடக்கும்.

எண்ணெய் ஒரு கிலோ, காஸ்டிக் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. குறைவாக இருப்பதுதானே முதலில் தீரும்? அப்படியென்றால் எவ்வளவு போட்டாலும் காஸ்டிக் மிஞ்சவே கூடாது. எங்கேயோ இடிக்கிறது. மூன்று தடவை படித்தேன். தோசை தீய்ந்துவிட்டது.

டிசம்பர் 12, வியாழன்

மறுபடியும் அதே பக்கம். மோல் என்கிறார்கள். புரியவில்லை. புரியாமல் விடப்போவதில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

நானே சபீனா வீட்டுக்குப் போனேன். ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். சோப்புக்கு முன்னால் அவளுக்குத் தையல்தான் தொழில், இப்போதும் அக்கம்பக்கத்துக்குத் தைக்கிறாள். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்து புத்தகத்தைப் படித்துக்காட்டினேன். கணக்குப் பேச ஆள் வேண்டும், அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எடைய வெச்சு எப்பிடிக்கா சொல்லுவீங்க?" என்றாள். "ஒரு ஜாக்கெட்டுக்கு அஞ்சு கொக்கி. எங்கிட்ட ஆறு ஜாக்கெட் இருக்கு, இருபது கொக்கி இருக்கு. எது மொதல்ல தீரும்?"

"கொக்கி."

"இருபது ஆறைவிட அதிகமாச்சே?"

"நாலு ஜாக்கெட்டுக்குத்தான வரும்."

"அதான். இப்ப எடை போட்டுப் பாருங்க. இருபது கொக்கி ஒரு துணிப் பிட்டு எடைகூட வராது. எடைக்கும் தீர்றதுக்கும் என்ன சம்பந்தம்? எதுக்கு எத்தன வேணுங்கறதுதான் கணக்கு."

அவள் வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். மோல் என்பது எண்ணிக்கைதான். எடையை எண்ணிக்கையாக மாற்றிக்கொள்வதற்கு ஒரு வழி. எண்ணெயின் ஒரு துகளுக்குக் காஸ்டிக்கில் மூன்று துகள் வேண்டும். எண்ணெய்த் துகள் கனமானது, காஸ்டிக் துகள் லேசானது. அதனால்தான் எடையில் அவ்வளவு வித்தியாசம். ஒரு கிலோ தேங்காயெண்ணெய் மொத்தமும் சோப்பாக மாற நூற்று எண்பத்து மூன்று கிராம் காஸ்டிக் வேண்டும். நாங்கள் போடுவது நூற்று எழுபத்து நான்கு. ஆகவே முதலில் தீர்வது காஸ்டிக். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சும். அது வேண்டுமென்றே விடுவது, தோலுக்கு நல்லது.

விடை புத்தகத்தோடு ஒத்துப்போனபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சபீனாவும் சிரித்தாள். பையனுக்குக் கொடுக்க வைத்திருந்த முறுக்கில் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

"நாளைக்கு வரேன்க்கா" என்றாள். எதற்காக வராமல் இருந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

நல்ல குளிர். விடிகாலையில் பாத்திரம் கழுவக் கை வரவில்லை. நங்கையா கொடுத்த எண்ணெய் தூக்குப்போசியில் கல்லாக உறைந்து கிடந்தது, கரண்டியால் சுரண்டித்தான் தலைக்கு வைத்தேன். மில் டின்னில் எண்ணெய் உறையாமல் தண்ணீர்போல இருக்கிறது. அதுவும் ஒரு வசதிதான், உருக்குகிற வேலை மிச்சம்.

மத்தியானம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. சபீனா திரும்பி வந்துவிட்டாள் என்றேன். அண்ணன் "ம்" என்றார்.

டிசம்பர் 16, திங்கள்

நூறு கிராம் எண்ணெயில் சின்னதாக ஒரு சோப்பு போட்டுப் பார்த்தோம். சபீனாவின் சித்தப்பா நகைப்பட்டறையில் இருக்கிறார், அவரிடமிருந்து சின்னத் தராசு வாங்கி வந்தாள். அவள் நிறுத்தாள், நான் ஒருமுறை நிறுத்தேன். இரண்டும் ஒன்றே.

ஒரு மாதம் காத்திருக்க முடியாது என்பதால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் காய்ச்சினோம். சூட்டில் மாற்றம் சீக்கிரம் முடிந்துவிடும். கிண்டிக் கிண்டித் தோள் விட்டுப்போனது. ஆறியதும் தொட்டுப் பார்த்தால் நாக்கில் அதே சுருக். மேலே அதே எண்ணெய்.

காஸ்டிக் மிச்சம் என்றால் எண்ணெய் தீர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் மிச்சம் என்றால் காஸ்டிக் தீர்ந்திருக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கிற அத்தனை கணக்கிலும் ஏதோ ஒன்று தீர்ந்துதான் நிற்கிறது. இரண்டும் மிச்சமாகிற கணக்கு ஒன்றுகூட இல்லை.

"துணியும் மிச்சம், கொக்கியும் மிச்சம்னா என்ன அர்த்தம் சபீனா?"

"நான் தைக்காம எந்திரிச்சுட்டேன்னு அர்த்தம்."

அதாவது மாற்றம் பாதியில் நின்றிருக்கலாம். நாளைக்கு இன்னும் அதிக நேரம் காய்ச்ச வேண்டும்.

டிசம்பர் 17, செவ்வாய்

காலையில் அடுப்பேற்றியது, மத்தியானச் சாப்பாடு தாண்டித்தான் இறக்கினோம். மாற்றி மாற்றிக் கிண்டினோம். பாதியில் நிற்க வழியே இல்லை.

சுருக். எண்ணெய்.

சபீனா பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியும் மிஞ்சி, கொக்கியும் மிஞ்சி, தையல்காரியும் எழுந்திருக்கவில்லை என்றால் இன்னொரு காரணம் இருக்கிறது. அதை இப்போது எழுத வேண்டாம். காஸ்டிக் புதுப் பாக்கெட் ஒன்று வாங்கிப் பார்க்கலாம்.

டிசம்பர் 18, புதன்

புதுப் பாக்கெட். அதே கதை.

துணிகளை அலசிப் போட்டேன். அரிசி புடைத்தேன். அண்ணன் மில் ஓடுகிற சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

டிசம்பர் 19, வியாழன்

நங்கையா கொடுத்த எண்ணெயை எடுத்தேன்.

இரண்டு பாத்திரம். ஒன்றில் அந்த எண்ணெய், ஒன்றில் மில் எண்ணெய். ஒரே எடை, ஒரே காஸ்டிக், ஒரே அடுப்பு. நங்கையா எண்ணெய் வெள்ளைவெளேரென்று இறுகி, நாக்கில் வெறும் சோப்புச் சுவை. மில் எண்ணெய் பழையபடிதான்.

எழுதிவிடுகிறேன். மேலே மிதப்பது எண்ணெய் மாதிரி இருக்கிறது, எண்ணெய் இல்லை. காஸ்டிக் அதைத் தொடவே தொடாது. நான் ஒரு கிலோ என்று ஊற்றியதில் நிஜமான தேங்காயெண்ணெய் ஒரு கிலோ இல்லை. இருந்த எண்ணெய் தீர்ந்துவிட்டது, அதற்கு மிஞ்சிய காஸ்டிக்தான் தமிழினியின் முதுகில் ஏறியிருக்கிறது.

டின் வரும் வழியில் யாராவது கலந்திருப்பார்கள். வேலையாட்கள் யாராவது.

மில்லிலிருந்து என் வீட்டுக்கு டின்னை அண்ணனேதான் தூக்கிவந்து வைப்பார்.

டிசம்பர் 20, வெள்ளி

எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். மில் எண்ணெய் நூறு கிராம் வீதம் வரிசையாகப் போட்டு, காஸ்டிக்கைக் குறைத்துக்கொண்டே வந்தோம். பதினேழில் சுருக். பதினாறில் சுருக். பதினைந்தில் லேசாக. பதினாலரையில் இல்லை. நூறு கிராம் நல்ல எண்ணெயாக இருந்தால் பதினெட்டுக்கு மேல் குடித்திருக்க வேண்டும்.

ஐந்தில் ஒரு பங்கு எண்ணெயே இல்லை.

சபீனா கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். "சரியாத்தான் இருக்குக்கா" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

டிசம்பர் 22, ஞாயிறு

சாப்பிடுவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன். சாப்பிட்டுவிட்டுக் கேட்க முடியாது.

"எண்ணெயில என்னங்கண்ணா கலக்கறீங்க?"

அண்ணன் பேப்பரை மடித்தார். "யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலீங்கண்ணா. கணக்குப் போட்டேன். அஞ்சுல ஒரு பங்கு வேற என்னமோ."

எவ்வளவு என்று சரியாகச் சொன்னதும் அவர் முகம் மாறியது. கோபப்படுவார் என்று நினைத்தேன். குரல் தணிந்துவிட்டது.

"பாரஃபின் ஆயில். வாசன கெடையாது, நெறம் கெடையாது. கொப்பர கெடைக்கறதில்ல கண்ணு. நான் ஒருத்தன் யோக்கியனா இருந்துட்டு மில்ல மூடறதா? தீபாவளிக்கு முன்னாடிதான் ஆரம்பிச்சேன்."

"அது பெட்ரோலியத்துல இருந்து வர்றதுங்கண்ணா. சனங்க அதுல சமைக்கறாங்க."

"யாரு செத்துட்டா?"

மடித்த பேப்பரைக் கீழே வைத்தார்.

"உன்ற டின்னுல போயிருக்கக் கூடாது. அது என் தப்புதான். நாளையிலிருந்து உனக்குன்னு தனியா நல்லதா எடுத்து வெக்கச் சொல்றேன். போதுமா?"

"மத்தவங்களுக்கு?"

"பூங்கோதை, மில்லு என்னோடது."

"சபீனாவ நிறுத்தச் சொன்னீங்களேங்கண்ணா. அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமல்ல?"

அண்ணன் பேப்பரை மறுபடி எடுத்தார். "இந்த மாசத்தோட நிறுத்திடறேன்" என்றார். நங்கையா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். அந்தத் தூக்குப்போசியை அவர் எதற்காகக் கொடுத்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கொஞ்சம் சீக்கிரமே உறைத்திருக்க வேண்டும்.

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். எதைச் சாப்பிட்டேன் என்று ஞாபகமில்லை.

டிசம்பர் 23, திங்கள்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பரணைச் சுத்தம் செய்தேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

சபீனாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"எண்ணெ ஒறையலன்னு கார்த்திகையிலயே பாத்தேன்க்கா. உங்க அண்ணன் மில்லு எண்ணெ. நீங்க இருக்கறது அவரு வீடு. நான் எப்பிடி வாயத் தொறக்கறது?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பீங்களா? தராசத் தூக்கிட்டுப் போயி மளிகைக் கடையில நிறுத்தீங்கல்ல. அந்தக் கடைக்காரம்மா எனக்கு ஒண்ணுவிட்ட நாத்தனா."

இதற்குச் சமாதானம் சொல்ல ஆயிரம் வழி இருக்கிறது. ஒன்றையும் சொல்லவில்லை. "சந்தேகப்பட்டேன். தப்புதான்" என்றேன். அவள் கெட்ட சோப்பையெல்லாம் என்ன செய்வது என்று கேட்டாள். குழி தோண்டிப் புதைக்கலாமா, மண் கெடுமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் 28, சனி

கலைவாணி டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். யார் மில் என்பதையும். தமிழினி சட்டை போட்டுக்கொண்டு ஓடியாடிக்கொண்டிருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு பட்டை மட்டும் இன்னும் இளஞ்சிவப்பாக இருக்கிறது.

டீச்சர் கேட்டுக்கொண்டே எழுந்து சமையலறைக்குள் போனார். ஒரு பாட்டிலோடு வந்து மேசைமேல் வைத்தார். அண்ணன் மில் எண்ணெய். உறையவில்லை.

"இதுலதான் இவளுக்கு முட்டை பொரிக்கறேன். என் மாமனாருக்கு ஈரல் சரியில்ல, தேங்காயெண்ணெதான் நல்லதுன்னு இதுலதான் அவருக்கும்" என்றார். பிறகு, "நான் நாலு பேருகிட்டச் சொல்லட்டுமா, நீங்க ஏதாவது பண்றீங்களா?" என்று கேட்டார்.

"நான் பண்றேனுங்க டீச்சர். இந்த மாசம் முடியட்டும்."

டிசம்பர் 31, செவ்வாய்

மாசம் முடிந்தது. மில்லில் ஒரு ஆளிடம் டின்னை நீட்டி, கடைக்குப் போகிற எண்ணெயிலிருந்து பிடித்து வாங்கிக்கொண்டேன். சபீனா நிறுத்தாள். காய்ச்சினோம்.

சுருக்.

மத்தியானம் அண்ணனிடம் மறுபடியும் போய்க் கேட்டேன். "பொங்கல் முடியட்டும் அம்மிணி. சரக்கு வாங்கிப் போட்டுட்டேன், கொட்டவா முடியும்?" என்றார். என் டின்னில் மட்டும் நல்ல எண்ணெய் வந்திருக்கிறது. கட்டியாக உறைந்து, மூடியைத் திறந்ததும் வீடே மணந்தது. அதை அப்படியே தூக்கிப்போய் அவர் வீட்டுப் படியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 2, வியாழன்

சபீனா தெருவில் ஒரு மாடிப் போர்ஷன் கிடைத்தது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். சோப்பு காயப்போட மொட்டை மாடி இருக்கிறது. சாமானெல்லாம் ஒரே ஆட்டோவில் வந்துவிட்டது. அண்ணன் மில்லில் இருந்தார், வெளியே வரவில்லை. நங்கையா வந்து பாத்திர மூட்டையைக் கட்டிக் கொடுத்தார். "நான் சொன்னா கேக்க மாட்டாருங்க" என்றார். "நீங்க சொல்லிப் பாத்தீங்களா நங்கையா?" என்றேன். முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தார்.

ஜனவரி 3, வெள்ளி

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு பாட்டில் எண்ணெய், இரண்டு சோப்பு, நாங்கள் போட்ட கணக்கு. சபீனா வருகிறேன் என்றாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது என் வேலை.

அதிகாரி இளவயதுப் பெண். கணக்கைப் பார்த்துவிட்டு, "கெமிஸ்ட்ரி படிச்சீங்களா?" என்றார்.

"இப்பத்தானுங்க."

உங்கள் சோதனை ஆதாரமாகாது, நாங்களே போய் எண்ணெய் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். மில் பெயர் கேட்டார். சொன்னேன். உரிமையாளர் பெயர் கேட்டார். தெய்வசிகாமணி என்றேன்.

"அவருக்கும் உங்களுக்கும் ஏதாவது தகராறா? முன்விரோதம் மாதிரி?"

"இல்லீங்க. எங்க அண்ணன்."

அவர் பேனாவை நிறுத்தினார். "யோசிச்சுக்கங்க. எழுதிட்டா அப்பறம் நிறுத்த முடியாது."

"எழுதுங்க."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தேன். வழியில் கண் மறைத்தது. ஒரு கடை ஓரமாக நின்று துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தேன்.

ஜனவரி 8, புதன்

மில்லுக்கு ஆட்கள் வந்து எண்ணெய் எடுத்துப்போனார்களாம். பின்பக்கத்தில் இருந்த பீப்பாய்களுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். முடிவு வரும்வரை மில் ஓடாது. சபீனாதான் வந்து சொன்னாள். எனக்கு எப்படியிருந்தது என்று கேட்காதே என்று டைரியிடமும் சொல்லிக்கொள்கிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

சாப்பாட்டுக்குப் போக இடமில்லாத முதல் ஞாயிறு. எனவே வேலை வைத்துக்கொண்டோம். புது எண்ணெய், நங்கையாவின் அம்மா ஊரிலிருந்து நானே போய் வாங்கி வந்தது. முதலில் நூறு கிராம் போட்டுப் பார்த்து, நாக்கில் தொட்டுப் பார்த்து, அதன்பிறகுதான் மொத்தமாக. இனி ஒவ்வொரு டின்னுக்கும் இப்படித்தான். சபீனா மாடியில் காஸ்டிக்கைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

கீழே வண்டி நின்ற சத்தம் கேட்டுப் போனேன். அண்ணன். சவரம் செய்யாமல், ஒரு வாரத்தில் ஏழெட்டு வயது கூடினதுபோல இருந்தார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமல்ல."

"ரெண்டு தடவ சொன்னேனுங்கண்ணா."

"நாந்தான உன்னத் திருப்பூர்ல இருந்து கூட்டியாந்தேன்?"

"ஆமாங்கண்ணா. அத நான் எப்பவும் மறக்கல."

"அப்பறம் எப்பிடி உனக்கு மனசு வந்துச்சு?"

அழுதுவிடுவேன் என்று பயந்தேன். அழவில்லை. "அந்தப் புள்ள முதுக நான் பாத்தேனுங்கண்ணா. நீங்க பாக்கல. ஒருக்காப் போயிப் பாத்துட்டு வாங்க. அப்பறமும் இதே கேள்வி இருந்துச்சுன்னா வந்து கேளுங்க, பதில் சொல்றேன்."

அண்ணன் வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து அவர் காலடிக்கு உருண்டு வந்தது, குனிந்து எடுத்துப் போட்டார்.

"எந்த வீதி?" என்றார்.

சொன்னேன். எத்தனையாவது வீடு, கதவு என்ன நிறம் என்பதையும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். தெருமுனையில் இடதுபக்கம் திரும்பினால் மில், வலதுபக்கம் டீச்சர் வீடு. அங்கே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வலதுபக்கம் திரும்பினார்.

மேலே சபீனா, "அக்கா, ஆறிடுச்சு, எண்ணெய ஊத்தலாமா?" என்று கூப்பிட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன்.